ஒரே விளைச்சலை நம்பாமல்: நீலகிரியில் சிறுதொழில் விரிவது எப்படி?

குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூளின் விலை இறங்கினால், கொஞ்ச நாளில் கோத்தகிரி கடைவீதியில் செருப்புக் கடைக்காரருக்கும் வியாபாரம் குறையும். அவருக்குத் தோட்டம் கிடையாது, இலை பறித்ததும் கிடையாது. ஆனால் பள்ளி திறக்கும் சமயத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கு வருகிறவர்களில் பலர் பச்சைத் தேயிலை விற்றுப் பணம் பார்க்கிறவர்கள். இலைக்கு விலை கட்டவில்லை என்றால் பழைய ஷூவையே தைத்துப் போட்டு இன்னொரு வருடம் ஓட்டுவார்கள். கடை வாடகை மட்டும் குறையாது.

ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு கடை போதும். வெளியிலிருந்து மாவட்டத்துக்குள் பணம் எந்த வழியில் வருகிறதோ, அந்த வழியை நம்பித்தான் உள்ளே இருக்கிற மளிகைக் கடையும் ஆட்டோவும் டியூஷன் சென்டரும் நடக்கின்றன. வழிகள் இரண்டே இரண்டு என்றால், ஒன்று அடைபடும்போது பாதி மாவட்டம் தவிக்கும். ஏழெட்டு இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஒரு குடும்பத்துக்கும் இதே கணக்குதான்.

ஒரு சின்னத் தொழில் தன் வருமான வழிகளை எப்படிக் கூட்டிக்கொள்வது, அதற்கு அரசும் கூட்டுறவும் மற்ற அமைப்புகளும் என்ன விதமான உதவி தருகின்றன, அந்த உதவி எங்கே நின்றுபோகிறது என்பதை நீலகிரியை வைத்தே பார்ப்போம்.

இந்த மலை ஏற்கெனவே பார்த்தது

ஒரு காலத்தில் இங்கே உருளைக்கிழங்குதான் கையில் காசு தந்த பயிர். 1935-லேயே நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கிழங்கு மூட்டையை நம்பிப் பல ஹட்டிகள், அதாவது படுகர் ஊர்கள், இருந்தன. 1961-ல் முட்டைக்கூடு நூற்புழு இங்கே கண்டறியப்பட்டது. வேரைத் தாக்கும் மிக நுண்ணிய புழு அது. அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் பல வருடம் அப்படியே கிடந்து, கிழங்கு நட்டதும் உயிர்பெறும். வேறு இடங்களுக்குப் பரவிவிடக் கூடாது என்பதால் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பவும் கட்டுப்பாடு வந்தது. விளைச்சலும் போய் விதைச் சந்தையும் சுருங்கியது.

அப்புறம் தேயிலை. பெரிய எஸ்டேட்டுகளின் பயிராக இருந்ததைச் சிறு விவசாயிகள் கையில் எடுத்தார்கள். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அந்தத் தொழிற்சாலைகளின் இணையமாக இன்கோசர்வ் உருவானது. இன்று அதன் கீழ் 16 தொழிற்சாலைகளும், சுமார் 30,000 சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். நீலகிரித் தூளின் பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. சில வருடம் தாக்குப்பிடித்த விலை, தொண்ணூறுகளின் கடைசியில் விழுந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் இலைக்கு நியாய விலை கேட்டு மாவட்டமே தெருவுக்கு வந்தது. அந்த நாட்களைப் பார்த்தவர்கள் இன்றும் அதை வேதனையோடுதான் சொல்வார்கள்.

தொழிற்சாலைப் பக்கமும் இதே கதை உண்டு. ஊட்டியில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மலையில் ஆயிரக்கணக்கான நிரந்தர வேலைகளைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமரா வந்ததும் பிலிமுக்கு வேலை இல்லாமல் போய், நிறுவனம் கடைசியில் மூடப்பட்டது. ஒரு பெரிய ஆலையைக் கொண்டுவந்து வைத்தால் வட்டாரம் வளர்ந்துவிடும் என்ற நினைப்புக்கு அது ஒரு வரம்பைக் காட்டியது. ஆலை நன்றாக ஓடும் காலத்திலேயே அதைச் சுற்றி வேறு பத்துத் தொழில்கள் முளைத்திருக்க வேண்டும்.

இப்போது பலருக்கும் நம்பிக்கை சுற்றுலா. 2020-ல் கொரோனா வந்தபோது அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. இந்த மலைகளால் தாங்கக்கூடிய வண்டிகளுக்கு ஒரு அளவு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாத வரும்படியில் வருடம் முழுக்க ஓட்டுகிற லாட்ஜுக்கும் டாக்சிக்கும் அந்த எண் சோற்றில் கை வைக்கிறது. அந்த இரண்டு மாதத்தையே நம்பி இருக்க வேண்டிய நிலைமையை மாற்றுவதுதான் சரியான வழி. கூட்டம் கூடாமல் வருமானம் கூட வேண்டும் என்றால், வருகிற ஒவ்வொருவரும் இங்கே செய்த பொருளை வாங்கிக்கொண்டு போக வேண்டும், அது மலையைவிட்டு இறங்கிய பிறகும் விற்க வேண்டும்.

விரிப்பது என்றால் என்ன?

தொழிலை விரிப்பது என்றதும் பலரும் புதிதாக, இதுவரை தொடாத ஒன்றைத் தொடங்குவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேயிலைக்காரர் காளான் ஷெட் போடுகிறார். டாக்சிக்காரர் ஜெராக்ஸ் கடை வைக்கிறார். சில சமயம் அது நடந்துவிடும். ஆனால் பெரும்பாலும் ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கிற மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படி தள்ளிப் போவதுதான் நிலைக்கிறது. அந்த மூன்று: கையில் இருக்கும் பொருள், தெரிந்த வேலை, பழகிய வாடிக்கையாளர்.

தெரிந்த வேலைக்கு நல்ல உதாரணம் தோடர் பழங்குடியினரின் பூவேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. புத்துக்குளி என்ற போர்வைக்காகவே இருந்த அந்தக் கைவேலை, இன்று பையிலும் துப்பட்டாவிலும் மேசை விரிப்பிலும் வருகிறது. வேலை அதே வேலை, கைகளும் அதே கைகள். பூவேலை போடுகிற பொருள் மாறியதும் வாங்குகிறவர்கள் கூடினார்கள்.

வாடிக்கையாளர் பக்கம் பார்த்தால் குன்னூரில் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் போடுகிற ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவர் இரண்டு பாக்கெட் வர்க்கி வாங்கிப் போகிறார். அவருக்கே உள்ளூர்த் தேன், ஊறுகாய், பிளம்ஸ் ஜாம் என்று பக்கத்தில் செய்கிறவர்களின் பொருளையும் விற்கலாம். பேக்கரிக்காரருக்குப் புது அடுப்பு தேவையில்லை, ஒரு அலமாரி போதும். ஜாம் போடுகிறவருக்குக் கடை வாடகை மிச்சம். இப்படி ஒரு தொழில் இன்னொன்றுக்கு வழி விடும்போதுதான் வட்டாரம் வளர்கிறது.

பொருள் பக்கம்தான் நீலகிரியில் பெரிய வாய்ப்பு, பெரிய சிக்கலும் அங்கேயே. தேயிலையையே எடுத்துக்கொள்வோம். சுமார் நாலரை கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகும். விவசாயி இலையாக விற்கிறார். தூளாக்குவதிலும், கலப்பதிலும், பாக்கெட் போடுவதிலும், பெயர் வைப்பதிலும் சேரும் மதிப்பு அவர் கைக்கு வருவதில்லை. ஒரு படி மேலே போய் அவரே கொஞ்சம் தேயிலை தயாரித்தால் என்ன ஆகும்?

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இலை கிலோ 20 ரூபாய். வாரம் 100 கிலோ இலை போட்டால் 2,000 ரூபாய். அதில் 10 கிலோவை மட்டும் ஃபாக்டரிக்குக் கொடுக்காமல் நிறுத்தி, கையாலேயே கிரீன் டீ செய்கிறார். கொடுத்திருந்தால் வந்திருக்க வேண்டிய 200 ரூபாய் போகிறது. சுமார் 2.2 கிலோ டீ கிடைக்கிறது. பக்கத்து ஹோம்ஸ்டேக்களுக்குக் கிலோ 1,000 ரூபாய் என்று கொடுத்தால் 2,200. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிக்கும் கூலி, எரிபொருள், பாக்கெட், லேபிள் எல்லாம் 1,000 ஆனால் மிச்சம் 1,200. விட்டுக்கொடுத்த 200-ஐக் கழித்தாலும் வாரம் 1,000 ரூபாய் கூடுதல்.

இப்போது அதே கணக்கில் பாதி டீ விற்காமல் போனால்? வரவு 1,100, செலவு 1,000, மிச்சம் 100. இலையாகவே கொடுத்திருந்தால் 200 வந்திருக்கும். அதாவது பாதி விற்றாலும் நஷ்டம்தான். செய்முறை மாறவில்லை, தரம் மாறவில்லை, வாங்குகிற ஆள் மட்டும்தான் இல்லை. மதிப்புக் கூட்டுதல் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது எந்திரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், வாங்குகிறவரைப் பற்றிக் கடைசிப் பத்து நிமிடம் பேசுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் வாங்க ஆள், அப்புறம் 10 கிலோ, அது மூன்று மாதம் நின்று விற்ற பிறகு எந்திரம்.

தேயிலையை விற்பனைக்காகத் தயாரிப்பதற்கு தேயிலை வாரியத்தின் விதிகள் உண்டு. அதன் தென்னிந்திய அலுவலகம் குன்னூரிலேயே இருக்கிறது. தொடங்கும் முன்பே போய்க் கேட்டுவிடுவது நல்லது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பனி விழும் மாதங்களில் கிடைக்கும் குளிர்கால இலைக்குத் தனி வாசம் இருப்பதால் உயர்தரத் தேயிலைச் சந்தையில் அதற்கு மதிப்பு அதிகம். சிறு அளவில் தயாரிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பருவத்தைத்தான்.

காய்கறிப் பக்கம் கேரட், பீட்ரூட், பூண்டு. நீலகிரிப் பூண்டை விதைக்காகவே வட மாநில வியாபாரிகள் மேட்டுப்பாளையம் மண்டியில் வந்து எடுக்கிறார்கள். சாப்பாட்டுப் பூண்டு, விதைப் பூண்டு என்று தரம் பிரித்து வைப்பதே ஒரு விரிவுதான். அதற்கு எந்திரமும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

உதவி என்றால் மானியம் மட்டும் இல்லை

வட்டார வளர்ச்சிக்கான உதவி என்றதும் மானியம் எவ்வளவு என்றுதான் முதல் கேள்வி வரும். என்னைக் கேட்டால், தனி ஆளுக்குக் கிடைக்கும் பணத்தைவிடப் பல பேருக்குப் பொதுவாகக் கிடைக்கும் வசதிதான் மலையில் அதிகம் சாதித்திருக்கிறது.

ஏன் என்று பாருங்கள். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரால் தேயிலை ஃபாக்டரி கட்ட முடியாது. 2,000 பேர் சேர்ந்தால் கட்டலாம். கூட்டுறவுத் தொழிற்சாலை என்பதே அதுதான். தனியார் ஃபாக்டரி நாளை விலையைக் குறைத்தாலும், இலையை எடுக்க மாட்டேன் என்றாலும், போய்ப் போட ஒரு இடம் இருக்கிறது. இன்கோசர்வ் கூட்டுறவுத் தூளைப் பாக்கெட் போட்டுத் தன் பெயரில் விற்கிறது, ரேஷன் கடைகளில் ஊட்டி டீ கிடைக்கிறது. இதிலும் குறைகள் உண்டு. பழைய எந்திரம், தாமதமாக வரும் பணம், இலையின் தரம் பார்க்காமல் எடுப்பது என்று உறுப்பினர்கள் சொல்லும் புகார்கள் நியாயமானவை. ஆனால் அந்த 16 தொழிற்சாலைகளும் இல்லாத ஒரு நீலகிரியில் சிறு விவசாயி விலை பேசும் நிலைமையிலேயே இருக்க மாட்டார்.

கோத்தகிரியில் இருக்கும் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இன்னொரு மாதிரி. 2013-ல் தொடங்கியது. பங்குதாரர்கள் எல்லோரும் நீலகிரி உயிர்க்கோளப் பகுதியின் பழங்குடி மக்கள், 1,600 பேருக்கும் மேல். தேன், மிளகு, காபி, இலவம்பஞ்சு, சிறுதானியம் என்று காட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பதை வாங்கி, சுத்தம் செய்து, பதப்படுத்தி விற்கிறார்கள். கிராமங்களில் இருக்கும் உற்பத்தி மையங்களைப் பெண்கள் நடத்துகிறார்கள். 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. இதற்குப் பின்னால் கோத்தகிரியின் கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பு பல வருடம் செய்த வேலை இருக்கிறது. தேன் எடுப்பது எப்படி என்று யாரும் குறும்பர் பழங்குடியினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடிகட்டுவது, ஈரப்பதம் பார்ப்பது, கணக்கு வைப்பது, மலைக்கு வெளியே வாங்குகிறவரைப் பிடிப்பது ஆகியவற்றில்தான் துணை தேவைப்பட்டது. எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்று தெரிந்த உதவிக்கு இது நல்ல மாதிரி. தேன் குறைந்த வருடத்தில் காபியும் மிளகும் தாங்கும் என்பதையும் கவனியுங்கள்.

உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப் பெரிய கூட்டம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். நிறுவனச் சட்டப்படி 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் என்றும், மலைப்பகுதியில் 100 போதும் என்றும் வைத்தார்கள். மலையில் வீடுகளும் நிலங்களும் சிதறிக் கிடக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டு செய்த சலுகை அது.

பொதுவாகக் கிடைக்கும் இன்னொரு சொத்து பெயர். புவிசார் குறியீடு என்பது ஒரு ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்குச் சட்டப்படி பாதுகாத்துக் கொடுப்பது. தோடர் பூவேலைக்கு 2013-ல் கிடைத்தது. நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கும் உண்டு. பழனி மலைப் பக்கம் விருப்பாட்சி மலைவாழைக்கும், 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. குறியீடு தனி ஆளுக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் முறையாகச் செய்கிறவர் அனுமதி பெற்ற பயன்பாட்டாளராகத் தன் பெயரைப் பதிவு செய்தால்தான் அந்த அடையாளத்தைப் பாக்கெட்டில் போடலாம். பத்திரிகையில் செய்தி வந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்து, இந்தப் பதிவை விட்டுவிடுகிறார்கள். எந்திரத்தில் அடித்த துணியைத் தோடர் வேலை என்று விற்கிறவரைத் தடுக்கும் சட்ட பலம் அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

சாலை, நிழற்குடை, தடுப்பணை, குளிர்பதனக் கிடங்கு மாதிரி விஷயங்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 1970-களின் நடுவில், ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று நீலகிரிக்குத் தனி நிதி வரத் தொடங்கியது. கொடைக்கானலுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம். மத்திய அரசின் அந்தத் திட்டங்கள் முடிந்த பிறகு மாநில அரசு சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடர்கிறது. கேரட் மூட்டையைத் தலையில் சுமந்து மேலே ஏறிய ஒருவருக்கு, வண்டி வரும் பாதை போடப்பட்டால் அதுவே விலையில் ஏறிய லாபம்.

பணம்: மானியம் எப்படி வேலை செய்கிறது

தனி ஆளுக்கான கடன், மானியத் திட்டங்களுக்கு வாசல் மாவட்டத் தொழில் மையம். ஊட்டியில் இருக்கிறது. திட்டங்கள் நிறைய. ஒன்றை மட்டும் முழுதாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை, பி.எம்.இ.ஜி.பி.யை, எடுத்துக்கொள்வோம்.

உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு இருக்கலாம். பொதுப் பிரிவினர் 10 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும், கிராமப்புறத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர் போன்றவர்கள் சிறப்புப் பிரிவு. அவர்கள் 5 சதவீதம் போட்டால் போதும், கிராமப்புற மானியம் 35 சதவீதம். அரசு அறிவித்த மலைப்பகுதிகளும் இந்தச் சிறப்புப் பட்டியலில் வருகின்றன. இதை வங்கியில் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஊர் எந்தக் கணக்கில் வருகிறது, கிராமமா நகரமா என்று தொழில் மையத்தில் கேட்டு விண்ணப்பத்தில் சரியாகக் குறிப்பிடுங்கள்.

கேத்தி பக்கம் ஒரு பெண் 10 லட்சத்தில் ஜாம், ஊறுகாய் தயாரிக்கும் கூடம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போடுவது 50,000. வங்கி தருவது ஒன்பதரை லட்சம். மானியம் மூன்றரை லட்சம். இந்த மூன்றரை லட்சம் அவர் கைக்கு வராது. வங்கியில் அவர் பெயரில் வைப்புத்தொகையாக மூன்று வருடம் இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது, கடனில் அதே அளவு தொகைக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று வருடம் தொழில் நடந்து, நேரில் பார்த்து உறுதி செய்த பிறகு கடனில் கழிப்பார்கள். நடுவில் கடையை மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும். மானியத்தை வைத்து மகளுக்கு நகை எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

அதே பெண் உணவுப் பதப்படுத்தலுக்கென்றே 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்திலும் போகலாம். 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். ஏற்கெனவே வீட்டில் செய்துகொண்டிருப்பவர் பெரிதாக்கவும் அது உதவும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2023-ல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. படித்த புதுத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் என்ற தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது. ஒரே எந்திரத்துக்கு இரண்டு திட்டத்தில் மானியம் வாங்க முடியாது. தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் என்ன நடப்பில் இருக்கிறதோ அதுவே கணக்கு.

திட்ட அறிக்கையில் பலரும் விட்டுவிடுவது நடைமுறை மூலதனம். பிளம்ஸ் மே, ஜூனில் குவிந்து வரும். அந்த ஒன்றரை மாதத்தில் பழம், சர்க்கரை, பாட்டில் எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். ஜாம் விற்றுப் பணம் வர அடுத்த பத்து மாதம் ஆகும். எட்டு லட்சத்துக்கு எந்திரம் வாங்கிவிட்டுப் பழம் வாங்கக் கந்துவட்டிக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. எந்திரம் சின்னதாக இருக்கட்டும். பருவத்தில் சரக்கு எடுக்கும் பணத்தைத் திட்ட அறிக்கையிலேயே கேளுங்கள்.

உதவி எட்டாத இடங்கள்

மலையில் வங்கிக் கடன் பல நேரம் நிலத்தில்தான் சிக்குகிறது. படுகர் ஊர்களில் பல நிலங்கள் தாத்தா பெயரிலோ, பதினைந்து பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவிலோ இருக்கின்றன. கையெழுத்துப் போட வேண்டியவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் கோவையிலும் இருப்பார்கள். இதற்காகவே சிறு கடன்களுக்குப் பிணை கேட்காமல் கொடுக்க, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத நிதி 2000-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நிலப் பத்திரம் கேட்டால் இந்த நிதியின் கீழ் பரிசீலியுங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

கூடலூரில் பிரச்சினை இன்னும் ஆழம். ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்கள் குத்தகைக்கு விட்டிருந்த தோட்ட நிலங்கள், 1969-ம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் வருகின்றன; அவை யாருக்கு என்பது இன்னும் முடிவுக்கு வரவில்லை. அங்கே தலைமுறையாகக் குடியிருந்து பயிர் செய்கிறவர்களில் பலருக்குப் பட்டா இல்லை, மின் இணைப்புக்கே போராட வேண்டியிருக்கிறது. மின்சாரம் இல்லாத வீட்டில் பாக்கெட் சீல் செய்யும் எந்திரம் எப்படி ஓடும்? காடும் காக்கப்பட வேண்டும், இந்த மக்களும் வாழ வேண்டும். ஐம்பது வருடத்துக்கும் மேலாக முடிவு சொல்லாமல் வைத்திருப்பது இரண்டுக்கும் நல்லதாக இல்லை.

கட்டட விதிகளையும் முன்பே பார்த்துவிட வேண்டும். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சரிவு, காடு, நீரோடை அருகே இன்னும் கடுமை. 2018-ல் சீகூர் யானை வழித்தடத்தில் 27 ரிசார்ட்டுகளை மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020-ல் அந்த வழித்தடத்தை உறுதி செய்தும் தீர்ப்பு வந்தது. ஹோம்ஸ்டே தொடங்க நினைப்பவர்கள் இருக்கிற வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி, சுற்றுலாத் துறையில் பதிவு செய்து தொடங்குவதே பாதுகாப்பு. பொருளைக் கட்டிக் கொடுப்பதற்கும் இங்கே விதி உண்டு. பிளாஸ்டிக் பைக்கு எதிராக இந்த மாவட்டம் தமிழகத்துக்கே முன்னால் நடந்தது. அதனால் துணிப்பை, காகிதப்பை, கண்ணாடிப் பாட்டில் எல்லாவற்றுக்கும் இங்கேயே தேவை இருக்கிறது. அதையே தொழிலாக எடுத்துக்கொண்ட மகளிர் குழுக்களும் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது

காகிதத்தில் முதலில் உதயம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. இணையத்தில் நீங்களே செய்யலாம், யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. சிறு அளவில் செய்கிறவருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஆறு மாதம் அந்தக் கணக்கில் வரவு செலவு ஓடியிருந்தால் வங்கி மேலாளர் உங்களோடு பேசும் விதமே மாறும். பயிர் சம்பந்தமான பயிற்சிக்குக் குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி நடத்தும் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது.

அப்புறம் மாவட்டத் தொழில் மையம். போகும்போது யார் வாங்குகிறார்கள், மாதம் எவ்வளவு, என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளை வைத்தே எந்தத் திட்டம் பொருந்தும் என்று அவர்களால் சொல்ல முடியும். விண்ணப்பம் அங்கிருந்து வங்கிக்குப் போகும். வங்கி மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு தொழில் மையத்தின் பொது மேலாளரையும், மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரையும் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். வங்கிக் கடிதத்தின் நகலை மனுவோடு இணைத்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.